கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு ஆள்

சார், தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கட்டுமா? உங்க சட்டைப் பையில எட்டிப் பாக்குதே, அது இந்த மாசப் பச்சைக்கிளி மாதநாவல்தானே? கிளியோட மூக்கு தெரியுது. மேட்டுப்பாளையத்துல நீங்க பஸ் ஏறும்போதே பாத்துட்டேன். அதுக்காகத்தான் ஜன்னலோர சீட்டை விட்டுட்டு உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். சும்மா வந்து உக்காரல சார், எனக்கு வளைவுல குமட்டும். ஜன்னல் இல்லாம நான் மலை ஏறறதே கிடையாது.

அதை எழுதினது நான்தான்.

ஆமா சார், அசுவபதி. நானேதான். சொந்தப் பேரு ஏகநாதன். பின்னட்டையைத் திருப்புங்க, போட்டோ இருக்கும். ஓ, பின்னட்டை போயிடுச்சா. பரவாயில்ல, பஸ்ல கசக்கிக்கிட்டு வர்ற புஸ்தகம்தானே. இதோ என் பையில ஒரு பிரதி இருக்கு, பாருங்க. குதிரைக்குப் பக்கத்துல நிக்கறது நான். பக்கத்துலன்னா, அந்தக் குதிரை ஒரு காலண்டர்லேருந்து வெட்டி ஒட்டினது. அதுக்கும் எனக்கும் நேர்ப் பழக்கம் கிடையாது.

என்னைப் பாத்து எல்லாரும் நினைக்கிறாங்க, இவன் ஏதோ லாயத்துலயே பொறந்து வளந்தவன்னு. நாப்பத்தி ரெண்டு நாவல் எழுதியிருக்கேன் சார். அத்தனையும் குதிரைப் பந்தயம், அத்தனையும் கொலை. ஆனா நான் ரேஸ் மைதானத்துக்குள்ள போனது ஒரே ஒரு தடவை. சிமெண்ட் கம்பெனியில டெஸ்பாட்ச் கிளார்க்கா இருந்தப்போ கிருபாநிதின்னு ஒரு சினேகிதன், சனிக்கிழமை ஆனா கிண்டிக்கு ஓடிடுவான். அவன்தான் இழுத்துட்டுப் போனான். ஓட்டத்துக்கு முன்னாடி குதிரைகளை வட்டமா நடத்திக் காட்டுவாங்க இல்ல, அந்த வேலி ஓரமா நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு செம்பழுப்புக் குதிரை வந்துது. வந்து நின்னுது. கழுத்தை நீட்டி என் மேல்பையிலேருந்து கைக்குட்டையை உருவிச்சு. உருவிட்டு, அதைச் சாவகாசமா மென்னுக்கிட்டே என்னைப் பாத்துது.

அந்தப் பார்வை இருக்கே சார். பழக்கப்பட்ட கொலைகாரனோட பார்வை. இது ஏற்கனவே யாரையோ முடிச்சிருக்கு, அடுத்தது நான்தான்னு எனக்குப் பட்டுது. அப்படியே பின்னாடி நடந்து வெளிய வந்தேன், பஸ் பிடிச்சேன், பழவந்தாங்கல்ல வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு எழுத ஆரம்பிச்சேன். அதுதான் என் முதல் நாவல், 'சேணத்துக்கு அடியில் ஒரு சடலம்'. முதல்ல குதிரைதான் கொலைகாரன்னு எழுதியிருந்தேன். பச்சைக்கிளி முதலாளி பொன்னுரங்கம் ஒத்துக்கல. குதிரையை எப்படி சார் கைது பண்றதுன்னு கேட்டாரு. நியாயம்தானே. அப்புறம் கொலையை டிரெய்னர் தலையில கட்டினேன்.

அதுக்கப்புறம் நான் ரேஸ் பக்கம் போகல. எதுக்குப் போகணும்? எழுத்தாளனுக்கு ஒரு பொறி போதும், மீதியெல்லாம் கற்பனை. நேர்ல போய்ப் பாத்தா கற்பனை கெட்டுடும். குதிரையைத் தூரத்துல பாத்தாலே நான் இப்பவும் அடுத்த தெரு வழியா சுத்திப் போயிடுவேன், அது வேற விஷயம்.

நம்ம துப்பறியும் டேனியல்துரை தெரியுமில்ல உங்களுக்கு? நாப்பத்தி ரெண்டு நாவல்லயும் அவருதான். ஓடறது, தாவறது, சுடறது எதுவும் கிடையாது. கையில ஒரு பவுடர் டப்பா, ஒரு பூதக்கண்ணாடி. கைரேகை சார், எல்லாம் கைரேகை. எந்தப் பொருள்ல யாரு கை பட்டிருக்கோ அவங்கதான் ஆளு. கண்ணுக்கு முன்னாடி இருக்கறதை யாரும் பாக்கறதில்லம்பாரு. அதுதான் அவரோட வசனம், ஒவ்வொரு நாவல்லயும் ஒரு தடவையாவது சொல்லுவாரு. எனக்கே ரொம்பப் பிடிச்ச வசனம்.

முதல் நாலு நாவல் அப்படி ஒண்ணும் ஓடல. கட்டுக் கட்டா திரும்பி வந்துது. அஞ்சாவது நாவல், 'லாயத்தில் ஒரு லாந்தர்', அதுதான் என் தலையெழுத்தையே மாத்திச்சு. அதுல முதல் அத்தியாயத்துல ஒரு ஜாக்கி, லாட்ஜுல ஏழாம் நம்பர் ரூம்ல செத்துக் கிடப்பான். புஸ்தகம் வெளிவந்த வாரமே, கிண்டியில கடைசி ஓட்டத்துல ஏழாம் நம்பர் போட்ட ஒரு கிழட்டுக் குதிரை, யாரும் சீந்தாத குதிரை, முதல்ல வந்துடுச்சாம். இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், அடுத்த மாசம் அச்சகத்து வாசல்ல கூட்டம் நின்னுது. மை காயறதுக்கு முன்னாடி வாங்கிட்டுப் போனாங்க. வேட்டி கட்டினவங்க, பேண்ட் போட்டவங்க, ஆட்டோக்காரங்க, ஒரு பல் டாக்டர்கூட.

நான் வீட்டுக்கு ஓடிப் போய்க் கோமளாகிட்ட சொன்னேன். கோமளான்னா என் வீட்டுக்காரி, கோமளவல்லி. இலக்கியம் சாமானிய மனுஷன்கிட்டப் போய்ச் சேந்துடுச்சுடின்னேன். அவ அடுப்பைப் பாத்துக்கிட்டே, அப்ப ஏங்க கிண்டிக்குப் பக்கத்துல இருக்கற சைதாப்பேட்டையைத் தாண்டி ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்கன்னு கேட்டா. அவ எப்பவும் அப்படித்தான். ஒரு சந்தோஷத்தைச் சந்தோஷமா வாங்கிக்கத் தெரியாது.

அப்ப எனக்கு இருந்த மரியாதையை நீங்க பாக்கணுமே. கிண்டி ஸ்டேஷன்ல ஒருத்தர், நல்ல வயசானவர், என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. இன்னொருத்தர் ரயில் போனாப் போகட்டும்னு நின்னு என்னைக் கேட்டாரு: "ஐயா, இந்த மாசம் ஆறாம் நம்பர் ரூமுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா பொணம் குப்புறக் கிடக்குதுன்னும் எழுதியிருக்கீங்க. அப்ப ஆறையும் கவுத்துப் போட்டு ஒன்பதா எடுத்துக்கணுமா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஒரு சடலம் குப்புறக் கிடக்கறதுல இவ்வளவு அர்த்தம் இருக்கான்னு எழுதின எனக்கே தெரியாது. இப்படி ஒரு நுட்பமான வாசகனா? நான் சொன்னேன், அதை வாசகன்தான் முடிவு பண்ணணும்னு. அவரு கும்பிட்டுட்டுப் போனாரு. அந்தச் சனிக்கிழமை ஒன்பதாம் நம்பர் வந்துதாம். அடுத்த மாசத்துலேருந்து விற்பனை ரெண்டு மடங்கு.

சிரிக்காதீங்க சார். நானும் மனுஷன்தானே. இத்தனை பேர் வாங்கினா படிக்கத்தான் வாங்கறாங்கன்னு எவனும் நினைப்பான்.

எனக்கு முதல்முதலா உறுத்தினது வேர்க்கடலையில. ரேஸ் மைதானத்துக்கு எதிர் வரிசையில ஒரு கடலைக்காரர் இருக்காரு. குதிரை கண்ணுல படாத தூரம்தான், அதனால அந்தப் பக்கம் போவேன். ஒரு பொட்டலம் வாங்கினேன். பிரிச்சா பன்னெண்டாம் அத்தியாயம். என்னோடது. டேனியல்துரை டிரெய்னரோட பங்களாவுல பவுடர் தூவிக்கிட்டிருக்காரு. இன்னொரு பொட்டலம் வாங்கினேன், ஏழாம் அத்தியாயம். கடலைக்காரர்கிட்ட என்னோட எல்லா அத்தியாயமும் வரிசையா இருந்துது சார், மூணாவதுலேருந்து. முதல் ரெண்டு மட்டும் இல்ல. ஏன்யான்னு கேட்டேன். ரேஸ் கேட்டுக்குள்ள போறவங்க தேவைப்படற பேப்பரை மட்டும் கிழிச்சுக்கிட்டு மீதியை இங்க போட்டுட்டுப் போயிடறாங்க, நல்ல மனுஷங்கன்னாரு. அதுக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடிச்சேன். ஆரம்பம் அவ்வளவு பிடிச்சுப் போயிடுச்சு, அதை மட்டும் பத்திரமா வச்சுக்கறாங்கன்னு.

போன மாசம் பொன்னுரங்கம் கூப்பிட்டு அனுப்பினாரு. பலகாரமெல்லாம் வாங்கி வச்சிருந்தாரு. நான் பாராட்டு விழான்னு நினைச்சேன். அவரு சொல்றாரு, "சார், இனிமே எட்டுப் பக்கம் போதும். ஒரு பொணம், ஒரு ரூம் நம்பர். மீதி எதுக்கு? காகிதம் விக்கிற விலையில தொண்ணூத்தாறு பக்கம் யாருக்காக அடிக்கிறோம்?"

அப்புறம்தான் எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சாரு. ரூம் நம்பருக்காகத்தான் வாங்கறாங்கன்னு அவருக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியுமாம். நம்பர் ஜெயிச்சா என்னைக் கும்பிடுவாங்களாம். தோத்தா என்னைத் திட்டறதில்லையாம், எழுத்தாளர் சரியாத்தான் சொன்னாரு, நாமதான் செத்தவனோட வயசை எடுத்திருக்கணும்னு தலையில அடிச்சுப்பாங்களாம். அவ்வளவு விசுவாசம். அதோட விடல. நம்பரை அட்டையிலயே, கிளி மூக்குல ஒரு சீட்டு மாதிரி கொடுத்துட்டா அந்த எட்டுப் பக்கமும் மிச்சம்னாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சு சார். பொய் சொல்ல மாட்டேன். அவரு முன்னாடியே, கையில ஜாங்கிரியை வச்சுக்கிட்டு அழுதேன். பொன்னுரங்கத்துக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நல்ல மனுஷன்தான். கடைசியில சொன்னாரு, "சரி சார். ஒருத்தர், ஒரே ஒருத்தர், உங்க நாவலைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச ஆளை என் முன்னாடி கொண்டு வந்து நிறுத்துங்க. ஊட்டி சீசன் முடியறதுக்குள்ள. நான் இருக்கற வரைக்கும் தொண்ணூத்தாறு பக்கமும் அடிக்கிறேன். இல்லேன்னா கிளி மூக்குதான்."

ஒரே ஒரு ஆள் சார். நாப்பத்தி ரெண்டு நாவல் எழுதினவனுக்கு ஒரே ஒரு ஆளா கிடைக்க மாட்டான்னு தைரியமாத்தான் வெளிய வந்தேன்.

அதுக்கு ஒரு பொறி வச்சேன். இந்த மாச நாவல் இருக்கே, உங்க பையில இருக்கறது, 'பனியில் ஒரு லகான்', அதுல பதிமூணாம் அத்தியாயத்துக்கு நடுவுல, டேனியல்துரை லாயத்துல ஒளிஞ்சிருக்கற கட்டத்துல, சம்பந்தமே இல்லாம ஒரு வரி எழுதிட்டேன். இதுவரை படித்து வந்த அன்பர் யாராயினும் ஆசிரியருக்கு ஒரு கார்டு போடவும், ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு பரிசாக அளிக்கப்படும்னு. விலாசமும் குடுத்திருந்தேன். டேனியல்துரையே ஒரு நிமிஷம் நின்னு படிக்கிற மாதிரி இருக்கும் அந்த இடம்.

ஒரு கார்டு வரல சார். தபால்காரரைத் தெருமுனைக்கே போய்ப் பாத்தேன். ஒரு கார்டு வரல. ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துது, அதுவும் பக்கத்து வீட்டுக்கு.

ஊர்ல ஒரு சத்தம் இல்ல. வீட்ல மட்டும் பெரிய ரகளை. புஸ்தகம் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்கூட ஆகல, கோமளா இடுப்புல கையை வச்சுக்கிட்டு வந்து நிக்கறா. "எங்க அம்மா குடுத்த வெள்ளி விளக்கை எவனுக்குத் தூக்கிக் குடுக்கப் போறீங்க? நம்ம வீட்ல இருக்கறது அந்த ஒரு விளக்குதானே." பாத்தீங்களா? ஒரு எழுத்தாளன் வாசகன் இல்லாம தவிக்கிறான், இவளுக்கு விளக்குதான் பெருசா இருக்கு. விளக்கு விஷயம் இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னே எனக்குப் புரியல. பொன்னுரங்கம்தான் போன்ல உளறியிருப்பாரு.

இல்ல சார், நான் அவளைக் குறை சொல்லல. நல்லவதான். நாலு பேருக்குத் திடீர்னு சமைக்கச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டா. என் எழுத்து விஷயத்துல மட்டும் ஒரு ஈவு இரக்கம் கிடையாது. ஒவ்வொரு மாசமும் புஸ்தகம் வந்த மூணாம் நாள் ஒரு சண்டை. ஒரு நாவல்ல சுல்தான்னு ஒரு குதிரை, கடைசி அத்தியாயத்துல குட்டி போடும். நெகிழ்ச்சியான கட்டம். இவ வந்து, ஏங்க, ஒண்ணாம் அத்தியாயத்துல அதை ஆண் குதிரைன்னீங்களேங்கறா. சுல்தான்னு பேர் வச்சா குட்டி போடக் கூடாதான்னு நான் கத்தினேன். இன்னொண்ணுல டிரெய்னர் சிவப்பிரகாசம் நாலாம் அத்தியாயத்துல குத்துப்பட்டுச் செத்துட்டாரு. பதினொண்ணாம் அத்தியாயத்துல அவரு காப்பி குடிச்சுக்கிட்டிருந்தாராம். "செத்தவருக்கு யாருங்க காப்பி போட்டுக் குடுத்தது"ன்னு சாப்பிடற நேரத்துல கேக்கறா. இதெல்லாம் ஒரு கேள்வியா சார்? ரேஸ் தெரிஞ்சவங்க, வருஷம் பூரா குதிரையோட புழங்கறவங்க, எத்தனை ஆயிரம் பேர் வாங்கியிருக்காங்க. ஒருத்தராவது ஒரு தப்பு சொன்னதுண்டா? இவளுக்கு மட்டும் தெரியுதாம்.

கொலைகாரன் யாருங்கறதை நான் பாடுபட்டுக் கடைசிப் பக்கம் வரைக்கும் மறைச்சு வச்சிருப்பேன். இவ ரசத்தைத் தாளிச்சுக்கிட்டே, அந்த வெட்னரி டாக்டர்தானே, எட்டாம் அத்தியாயத்துலயே தெரிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவா. எனக்கு எப்படி இருக்கும்?

புஸ்தகத்தை மதிக்கத் தெரியாதவ சார். நான் கையெழுத்துப் போட்டு அலமாரியில வைக்கிற பிரதியை எடுத்துட்டுப் போய் அடுப்பு மேடையில விரிச்சு நிறுத்தி வச்சிருப்பா. எண்ணெய் தெறிக்காம இருக்கன்னு நினைக்கிறேன். காய் நறுக்கும்போதும் பக்கத்துல என் நாவல்தான் கிடக்கும். முருங்கைக்காய் நாரையெல்லாம் அதுமேலதான் போடுவா. நாப்பத்தி ரெண்டு நாவலுக்கும் இதே கதிதான். நான் ஒண்ணும் சொல்றதில்ல, சொன்னா அன்னிக்குச் சாப்பாட்டுல காரம் கூடிடும்.

இந்த மாசம் இன்னொரு தொல்லை. 'பனியில் ஒரு லகான்'ல ஃப்ளோரான்னு ஒரு பாத்திரம், செத்துப் போன ஜாக்கியோட பொண்டாட்டி. பத்தாம் அத்தியாயத்துல புருஷனைத் தேடிக்கிட்டு வந்து ரேஸ் கேட்டு வாசல்ல மழையில நிப்பா. அதோட நான் அவளை விட்டுட்டேன், எனக்கு அவளால வேலை முடிஞ்சுது. கோமளா விட மாட்டேங்கறா. நேத்து ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன், எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் கையில குடுத்துட்டுச் சொல்றா, "ஏங்க, அந்த ஃப்ளோரா இன்னும் மழையில நிக்கறா. அவளை வீட்டுக்காவது அனுப்புங்க. பாவம், அவருக்காகத்தானே நிக்கறா, உள்ள என்ன நடந்துதுன்னு ஒருத்தராவது வந்து சொல்ல வேண்டாமா?" கண்ணுல தண்ணி வேற. இவளுக்கு ஊர்ல எல்லார் மேலயும் இரக்கம் வரும் சார், என் மேல மட்டும் வராது.

ஊட்டிக்கு ஏன் போறேன்னு கேக்கறீங்களா? யோசிச்சுப் பாருங்க. சீசனுக்கு ரேஸ்காரங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க. ரேஸ் என்ன தினமுமா இருக்கு? மீதி நாள் பூரா குளிர்ல போர்வையைப் போத்திக்கிட்டு என்ன பண்ணுவாங்க? படிப்பாங்க. வேற வழியே இல்ல, படிச்சுத்தான் ஆகணும். அதுல ஒருத்தர், கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருக்க மாட்டாரா? அவரைக் கையோட கூட்டிட்டு வந்து பொன்னுரங்கம் முன்னாடி நிறுத்தணும். பஸ்ஸுலயே நீங்க கிடைச்சதும் கடவுளே அனுப்பி வச்சாருன்னு நினைச்சேன்.

சொல்லுங்க சார். எதுவரைக்கும் வந்திருக்கீங்க? லகானை ஒளிச்சு வச்சது யாருன்னு தெரிஞ்சுதா?

எடுங்க, எடுங்க, பாப்போம். ஏன் தயங்கறீங்க.

ஓ.

அட்டையும் ரெண்டு அத்தியாயமும்தான் இருக்கு. மீதி? கல்லார்ல கொய்யாப்பழம் வாங்கினீங்க. பழக்காரம்மாகிட்ட மடிக்கக் காகிதம் இல்ல. புரியுது, புரியுது. கொய்யாப்பழத்தைச் சட்டைப் பையிலயா போட முடியும். நீங்க ஏன் சார் சங்கடப்படறீங்க, எனக்கு இது பழகிப் போச்சு.

நாலாம் நம்பர்தானே? ஆமா, முதல் அத்தியாயத்துல நாலாம் நம்பர் ரூம். பொணம் மல்லாக்கத்தான் கிடக்குது. அப்படியே எடுத்துக்கலாம்.

சார், ஒரு உதவி பண்றீங்களா? பர்லியார் தாண்டியாச்சு. ஊட்டி போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். தொண்ணூத்தாறு பக்கம்தான், சின்னச் சின்னப் பக்கம். என் பிரதியைத் தரேன், இப்பவே படிச்சுடுங்க. நான் பேச மாட்டேன். அப்புறம் ஒரு நாள் மெட்ராஸ் வரும்போது பச்சைக்கிளி ஆபீசுக்கு வந்து, ஆமா, நான் படிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எலுமிச்சை சாதம் உங்களுக்குத்தான், முழுப் பொட்டலமும். எனக்கு எப்படியும் வளைவுல குமட்டும்.

இந்தாங்க. அழுக்கா இருக்குன்னு பாக்காதீங்க, இது வீட்டுப் பிரதி. கடையில ஒண்ணுகூட மிச்சமில்ல, எல்லாம் வித்துப் போச்சு. கோமளா குடுக்கவே மாட்டேன்னா. அதுல எனக்கு இன்னும் வேலை இருக்குங்கறா. அப்பளம் காய வைக்கறதுக்கா இருக்கும். பிடுங்கிட்டுத்தான் வந்தேன்.

சரி, நான் வாயை மூடிக்கிறேன். நீங்க படிங்க.

ஒண்ணே ஒண்ணு, அந்த அஞ்சாம் அத்தியாயத்துல வர்ற காத்துக்கு ஒரு காரணம் இருக்கு. நீங்களே கண்டுபிடிங்க.

என்ன சார், வேகமா புரட்டறீங்க? வரியை விட்டுட்டுப் போகாதீங்க. ஓரத்தை என்ன அப்படிப் பாக்கறீங்க? கதை நடுவுல இருக்கு.

அதுவா. அது மஞ்சள் சார். மஞ்சள்பொடி. கோமளா கைதான், வேற யாரு. கட்டைவிரல். ஆமா, அடுத்த பக்கத்துலயும் இருக்கும். அதுக்கு அடுத்த பக்கத்துலயும் இருக்கும். வலது பக்க ஓரம், கீழ் மூலை, எல்லாப் பக்கத்துலயும் ஒரே இடத்துல இருக்கும். கடைசிப் பக்கம் வரைக்கும் இருக்கும், எனக்குத் தெரியுமே, நாப்பத்தி ரெண்டு புஸ்தகத்துலயும் இதே கதைதான். கையைத் துடைச்சுட்டு எடுக்கலாமில்ல? சொன்னாக் கேக்க மாட்டா.

பத்தாம் அத்தியாயத்துல மட்டும் எழுத்து கலங்கியிருக்கா? காட்டுங்க. ஆமா, ஃப்ளோரா நிக்கற இடம். தண்ணி பட்டிருக்கு. குழாயைச் சரியா மூடியிருக்க மாட்டா.

எதுக்கு சார் என்னை அப்படி உத்துப் பாக்கறீங்க?

என்ன? என் வீட்டுக்காரியா? சும்மா இருங்க சார். நல்ல தமாஷ். அவ எங்க வாசகி? வாசகின்னா ரசிக்கணும், ரெண்டு நல்ல வார்த்தை சொல்லணும். அவ சண்டைதானே போடறா. அவளுக்கு என் கதையில என்ன அக்கறை இருக்கு சொல்லுங்க, ஆண் குதிரை குட்டி போட்டா இவளுக்கு என்ன, செத்தவன் காப்பி குடிச்சா இவளுக்கு என்ன. பொன்னுரங்கம் முன்னாடி கொண்டு போய் இவளை நிறுத்தினா, என் தப்பையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டு வருவா. மானம் போயிடும்.

ஆனா சார், ஒரு நிமிஷம் இருங்க. நீங்க சொன்னதுல ஒரு பொறி இருக்கு. அந்த மஞ்சள் ரேகை. அட, நாப்பத்தி மூணாவது நாவலே கிடைச்சுடுச்சு போலிருக்கே. ஒரு சமையலறை. அடுப்பு மேடையில ஒரு புஸ்தகம். எல்லாப் பக்கத்துலயும், முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், மஞ்சள்ல ஒரு கட்டைவிரல் ரேகை. டேனியல்துரை பூதக்கண்ணாடியை வச்சுக் குனிஞ்சு பாக்கறாரு. இந்தப் புஸ்தகத்தை இவ்வளவு நாளா, யாருக்கும் தெரியாம, ஒரு பக்கம் விடாம படிச்சுக்கிட்டிருந்தது யாரு? பிரமாதமா இருக்கு இல்ல? கண்ணுக்கு முன்னாடி இருக்கறதை யாரும் பாக்கறதில்லம்பாரு.

யாரா இருக்கும்னுதான் எனக்கே இன்னும் பிடிபடல. பரவாயில்ல, கோமளாகிட்ட ஆரம்பத்தைச் சொன்னா, முடிவை அவளே சொல்லிடுவா. எப்பவும் சொல்லிடுவா, அதுதானே எனக்கு எரிச்சல்.

குன்னூர் போய், வெலிங்டன் போய், பேச்சுல ஊட்டியே வந்துடுச்சு பாருங்க. உங்களைப் படிக்கவே விடல நான். அந்தப் பக்கம் தெரியறது ரேஸ் மைதானமா? பஸ் ஸ்டாண்டுக்கு இவ்வளவு பக்கத்துலயா இருக்கு? குதிரை ஏதாவது கண்ணுக்குத் தெரியுதா சார்? நீங்க முதல்ல இறங்குங்க, நான் உங்களுக்குப் பின்னாடி மறைஞ்சு வரேன். புஸ்தகத்தைக் குடுத்துடுங்க, வீட்ல கேப்பா.

வரேன் சார். இத்தனை பெரிய ஊர்ல ஒரே ஒரு ஆள் இல்லாமலா போயிடுவான்.